உருவகம் இல்லாத பதினைந்து நிமிடங்கள்

எங்கள் மொழி ஆய்வு நிறுவனத்தில் பேசுவதற்கென்று சம்பளம் வாங்கியவர் ஒரே ஒருவர்தான். மற்ற நாற்பத்து மூன்று பேரும் பேச்சை ஆராய்கிறவர்கள். அந்த ஒருவரோடு மட்டும் யாரும் பேசக் கூடாது என்பது விதி.

விதி எண் ஏழு. தாய்மொழிப் பேச்சாளரின் பேச்சு தூய்மையானது, படித்தவர்கள் அவரோடு உரையாடினால் அது மாசுபடும் என்று எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலிலேயே மாட்டியிருந்தார்கள். அவர் நடைபாதையில் வந்தால் நாங்கள் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவோம். அவர் வணக்கம் சொல்வார். நாங்கள் தலையை மட்டும் ஆட்டுவோம். தலையாட்டுவது மொழியில் சேருமா என்று ஒரு துணைக்குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. அறிக்கை வரும்வரை ஆட்டிக்கொள்ளலாம் என்று வாய்மொழி அனுமதி இருந்தது.

நான் அங்கே டைப் அடிக்கிறவள். ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு, பேச்சாளர் சொன்னதை இருமல் தும்மல் விடாமல் எழுத்தாக்க வேண்டும். எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார் என்பதையும் விநாடிக் கணக்கில் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத அறையில், எட்டு வருடமாக இதுதான் வேலை. வீட்டிலும் நான் ஒருத்திதான். அதனால் எனக்குத் தெரிந்த மனிதர்கள் எல்லோரும் ஹெட்போன் வழியாக வந்தவர்கள்தான்.

பேச்சாளர், பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் இயக்கியவர். தானாக ஓடும் லிஃப்ட் வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் மனைவி இறந்துபோனார். ஒரே மகள் வேறு ஊரில் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்த அன்று, குரல் அளவு பார்க்க வேண்டும், ஏதாவது பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் பேசியதுதான் நான் அடித்த முதல் பக்கம்.

“லிஃப்டுல யார் பேச ஆரம்பிச்சாலும் அவங்க மாடி வந்துடும், இறங்கிடுவாங்க. எந்தப் பேச்சையும் நான் முழுசா கேட்டதும் இல்ல, சொன்னதும் இல்ல. இங்க முழுசா கேப்பீங்கன்னு விளம்பரத்துல போட்டிருந்துச்சு. எனக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருக்கு. என் வீட்டுக்காரி எப்படிப் போனாங்கிறது. பொண்ணுகிட்டச் சொல்ல ஆரம்பிச்சா, வேண்டாம்பா, அப்புறம் பேசலாம்னு போனை வச்சிடுது. அன்னைக்குக் காலைல…”

குரல் அளவு சரியாக இருக்கிறது, போதும் என்று ஒரு குரல் சொல்கிறது. பதிவு முடிகிறது.

அப்போது நிறுவனம் பழைய இயக்குநர் கையில் இருந்தது. கரும்பலகை கரும்பலகையாகத் தலைகீழ் மரம் வரைந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் கிளை கிளையாகப் பிரித்துத் தொங்கவிடுவார். அதனால் அவருக்கு மரத்தார் என்று பெயர். மொழி என்பது மூளைக்குள் தனியாகப் பூட்டி வைத்த ஒரு பெட்டி, வாழ்க்கை, அர்த்தம், அழுகை, சிரிப்பு எதற்கும் அந்தப் பெட்டிக்குள் வேலை இல்லை என்பது அவர் கட்சி.

பேச்சாளருக்கு அந்த ஆட்சியில் பேச்சே கிடையாது. இருட்டறையில் உட்கார வைத்து, திரையில் வாக்கியம் காட்டுவார்கள். சரி என்றால் பச்சைப் பொத்தான், தப்பு என்றால் சிவப்பு. “நேற்று நாற்காலி தன் தங்கைக்குத் திருமணம் செய்து வைத்தது” என்று ஒரு வாக்கியம் வந்தது. அவர் வெகுநேரம் யோசித்து, பாவம், பச்சையை அழுத்தினார். மரத்தாருக்குப் பரம திருப்தி. அர்த்தம் செத்தாலும் அமைப்பு உயிரோடு இருக்கிறது பாருங்கள் என்று அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த வாரம் “என் மனைவி என்னோடு பேசுகிறாள்” என்று திரையில் வந்தது. லிஃப்ட்காரர் சிவப்பை அழுத்தினார். மறுபடி காட்டினார்கள், மறுபடியும் சிவப்பு. ஐந்து முறை காட்டியும் சிவப்புதான். எழுவாய் பயனிலை இயைபில் பேச்சாளருக்கு அடிப்படைக் குறைபாடு இருப்பதாகத் தெரிகிறது என்று மரத்தார் குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பையும் நான்தான் டைப் அடித்தேன். எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன்.

பிறகு ஆட்சி மாறியது.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. வெளியே பெரிய பெரிய பல்கலைக்கழகங்களில் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே சிலர் இந்த மரக்கட்சியோடு மல்லுக்கட்டிப் பிரிந்துவிட்டார்கள். அதில் பாதிப் பேர் முதலில் மரத்தடியிலேயே படித்தவர்கள். அர்த்தத்தை வெளியே நிறுத்திவிட்டு இலக்கணத்தை மட்டும் உள்ளே வைக்க முடியாது என்பது சண்டை. கண்ணால் பார்த்து, காலால் நடந்து, பொருளைக் கையால் எடுத்துப் பழகுகிற அதே மனம்தான் பேசவும் செய்கிறது, மொழிக்கென்று தனிப் பெட்டி எதுவும் இல்லை என்றார்கள். பறவை என்றதும் குருவிதான் முதலில் நினைவுக்கு வரும், நெருப்புக்கோழி கடைசி வரிசையில் நிற்கும். மனம் எல்லாவற்றையும் அப்படித்தான் வகைப்படுத்துகிறது என்றார்கள். ‘விற்றான்’ என்று ஒரு சொல் காதில் விழுந்தால் கடையும் சரக்கும் வாங்குகிற ஆளும் சேர்ந்தே கண்முன் வருவார்கள் என்றார்கள். உருவகம் கவிஞர்களின் சொத்து இல்லை, நாம் நடந்து பழகியதால்தான் காலத்தையும் பாதை மாதிரி நினைக்கிறோம், குவித்து வைத்தால் உயர்வதைப் பார்த்ததால்தான் விலையும் ஏறுகிறது என்கிறோம் என்றார்கள். இதற்குத்தான் அறிதல்சார் மொழியியல் என்று பெயர்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இதை முதலில் டைப் அடித்தபோது அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு மனிதனின் பேச்சைப் புரிந்துகொள்ள அவன் வாழ்ந்ததைக் கேட்க வேண்டும் என்று கடைசியில் யாரோ சொல்லிவிட்டார்களே என்று இருந்தது. கொள்கை நல்ல கொள்கைதான். அதைக் கொண்டுவந்து ஒரு நிறுவனத்தின் கையில் கொடுத்ததுதான் வினை.

புதிய இயக்குநர் ஒரு அம்மா. மூச்சுக்கு மூச்சு உடம்பு என்று சொல்வதால் உடம்பம்மா. பதவியேற்ற அன்று கரும்பலகை மரங்களை எல்லாம் ஈரத் துணியால் துடைக்கச் சொன்னார். பச்சை சிவப்புப் பொத்தான்களுக்கு அரக்கு வைத்து முத்திரை போட்டார். பிறகு பேசினார்.

“மொழி வானத்திலிருந்து விழவில்லை. நம் கை, கால், வயிறு, இவற்றிலிருந்து பிறந்தது. இத்தனை காலம் இந்த நிறுவனம் வாக்கியத்தைப் பார்த்தது, மனிதனைப் பார்க்கவில்லை. இனி மனிதனைக் கேட்போம். ஆகவே விதி ஏழு மேலும் கடுமையாக்கப்படுகிறது. பேச்சு மட்டும் அல்ல, பேச்சாளரின் உடம்பும் தூய்மையானது. அவர் முன்னால் யாரும் தலையாட்டக் கூடாது. துணைக்குழு அறிக்கை வந்துவிட்டது. தலையாட்டுவது மொழிதான்.”

கைதட்டினோம். லிஃப்ட்காரருக்கு இருந்த தலையாட்டலும் அன்றோடு போயிற்று. நாங்கள் பயன்படுத்தும் கைச்சாடைகள் ஒட்டிக்கொள்ளும் என்று சாப்பாட்டு அறையிலும் அவருக்குத் தனி நேரம் ஒதுக்கினார்கள். பத்தே முக்காலுக்கு அவர் ஒருவராக நாற்பத்தெட்டு நாற்காலி நடுவில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார்.

மற்றபடி நிறுவனம் கொள்கையை உயிராகக் கடைப்பிடித்தது. நல்லது மேலே, கெட்டது கீழே என்று உடம்பு உணர்கிறதாம். அதனால் நல்ல செய்தி சொல்பவர் மேஜைமேல் ஏறி நின்று சொல்ல வேண்டும், கெட்ட செய்தியைத் தரையில் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. கணக்குப் பிரிவுத் தலைவர் முட்டி வலியோடு கீழே உட்கார்ந்ததுதான் தெரியும், எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஊழியர் வகையில் யார் குருவி, யார் நெருப்புக்கோழி என்று பட்டியல் போட்டார்கள். துணை இயக்குநர் முழுக் குருவி. கூட்டித் துடைக்கிற அம்மாள் விளிம்புநிலை நெருப்புக்கோழி. நான் அவரைவிட ஒரு படி மேல். ஆய்வறைக்கு முக்காலி கேட்டபோது, அது நாற்காலி வகையின் மைய உறுப்பு அல்ல என்று பொருள் வழங்கும் பிரிவு திருப்பி அனுப்பியது. அறிதல்சார் மொழியியலை வேறு எந்த அலுவலகமும் இவ்வளவு சிரத்தையாகச் செயல்படுத்தியிருக்காது.

லிஃப்ட்காரரை இப்போது பேசவிட்டார்கள். அது உண்மை. அவரும் ஆசையாகத் தொடங்கினார், அதுவும் பதிவில் இருக்கிறது. “என் வீட்டுக்காரி போயிட்டா…” என்று வாயெடுத்தார். உடனே கதவு திறக்கும் சத்தம், நான்கைந்து பேர் ஓடிவரும் செருப்புச் சத்தம். மரணம் ஒரு பயணம் என்று ஒரு ஆய்வாளர் கூவுகிறார். எந்தத் திசையில் போனாங்க, கையால காட்டுங்க பெரியவரே என்று இன்னொருவர் கேட்கிறார்.

“எங்கயும் போகலீங்க,” என்றார் அவர். “ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகல. அடுப்படியிலதான்.”

அதை அவர்கள் குறித்துக்கொள்ளவில்லை.

மேல், கீழ் சோதனைதான் பெரிய களேபரம். சந்தோஷம் எந்தப் பக்கம் இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டார்கள். லிஃப்ட்காரர் கீழே காட்டினார். அடைப்புக்குறிக்குள் பதினான்கு விநாடி என்று அடித்தேன். நாற்காலிமேல் நிற்க வைத்துக் கேட்டார்கள், தரையில் படுக்க வைத்துக் கேட்டார்கள். ஆறு நாள் கழித்தும் அவர் விரல் கீழேதான் போயிற்று. கடைசியில் உடம்பம்மாவே வந்து காரணம் கேட்டார்.

காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போவேன், அது வேலை என்றார் அவர். சாயந்திரம் ஆறு மணிக்கு, எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகு, காலி லிஃப்டில் தனியாகக் கீழே வருவேன். கதவு திறந்தால் வீடு. முப்பத்தொரு வருடமும் அப்படித்தான். அவள் வாசலில் நிற்பாள் என்று நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு மாடியாக இறங்குவேன் என்றார்.

வாழ்ந்த உடம்பிலிருந்து அர்த்தம் பிறப்பதைக் கண்ணால் காண வேண்டுமென்றால் இதைவிட என்ன வேண்டும்? கொள்கையை உண்டாக்கியவர்கள் கேட்டிருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த மாடி என்ன என்று கேட்டிருப்பார்கள். உடம்பம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பெரியவரே, உங்க அனுபவத்தை நாங்க மதிக்கிறோம். ஆனா உங்க உடம்பு தப்பா அனுபவிச்சிருக்கு.”

அந்த மாதமே எனக்கு ஒரு உத்தரவு வந்தது. உருவகம் உள்ள வரிகளைத் தவிர மற்றதை எல்லாம் எழுத்துப்படியிலிருந்து நீக்க வேண்டும். நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்த வேண்டும். நாற்பது மணி நேரப் பேச்சு என்னிடம் இருந்தது. அதில் அவர்கள் கல்யாணமான புதிதில் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை இருந்தது. மகளுக்கு அம்மை போட்டபோது இருவரும் முறை வைத்து விழித்திருந்தது இருந்தது. எல்லாவற்றையும் வெட்டினேன். மறுத்திருக்கலாம், யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. வேலை சுத்தமாக இருக்கிறது என்று துணை இயக்குநர் சொன்னார். அன்று முழுவதும் எனக்கு அந்தப் பாராட்டு இனித்தது, இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஆண்டு மதிப்பீட்டுக் குழு வருவதாகத் தகவல் வந்ததும் நிறுவனம் பரபரத்தது. குழு மெச்சினால் நாங்கள் உயர் ஆய்வு மையம் ஆகிவிடுவோம். இழப்பின் உருவகங்கள் என்ற தலைப்பில் பேச்சாளரை மேடையில் பேசவைத்துக் காட்டுவது என்று முடிவாயிற்று. பாதை, இருட்டு, பாரம், வெற்றிடம் எதுவானாலும் தாராளமாக வரட்டும் என்று உடம்பம்மா அவரைத் தயார் செய்தார்.

லிஃப்ட்காரர் இரண்டு நிபந்தனை வைத்தார். பதினைந்து நிமிடம் யாரும் குறுக்கிடக் கூடாது. பேசியதை எழுத்தில் ஒரு பிரதி தர வேண்டும்.

“பொண்ணுக்கு அனுப்பணும்,” என்றார். “காதால கேக்கத்தான் அதுக்குத் தாங்கல. பேப்பரா இருந்தா, என்னைக்குத் தோணுதோ அன்னைக்கு எடுத்துப் படிச்சுக்கும். அம்மா எப்படிப் போனான்னு தெரியாமயே இருந்துடக் கூடாது பாருங்க.”

உடம்பம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்று அரங்கில் நூறு பேர் இருந்தார்கள். முன்வரிசையில் பத்து ஆய்வாளர்கள், கையில் ஆளுக்கொரு எண்ணும் கருவி. உருவகம் ஒன்று காதில் விழுந்தால் ஒரு அழுத்து. நான் ஓரத்தில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். எட்டு வருடத்தில் முதல் தடவையாக, பேசுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். பேசும்போது வலது கை இடுப்புக்கு மேலே லிஃப்ட் பொத்தான் தேடுகிற மாதிரி அசைந்தது.

அன்றைய காலையைச் சொன்னார். மணி ஏழு. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவள் டீ கொண்டுவந்தாள், அவர் வாங்கினார். அவள் அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் ஒன்று விழுந்தது. அவர் போய்ப் பார்த்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் கொலுசு ஒன்று கழன்று கிடந்தது, அதை எடுத்து மாட்டிவிட்டார், பிறகுதான் முகத்தைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார், அவர்கள் ஊரில் இல்லை. திரும்பி வந்து குழாயை மூடினார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவ்வளவும் அப்படியேதான் சொன்னார். இருண்டது என்று சொல்லவில்லை, இடிந்தது என்று சொல்லவில்லை, பாரம் என்று சொல்லவில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் நாற்பது விநாடி பேசவில்லை. பத்துக் கருவிகளில் ஒன்றுகூட ஓசை எழுப்பவில்லை. ஒரு ஆய்வாளர் தன் கருவி பழுதாகிவிட்டதோ என்று தட்டிப் பார்த்தார். பதினைந்தாவது நிமிடம் முடிந்ததும் லிஃப்ட்காரர், “இவ்வளவுதாங்க, முடிஞ்சுது,” என்று சொல்லிக் கும்பிட்டார். ஒரு பேச்சை அவர் முடித்து நான் கேட்டது அன்றுதான்.

மொத்த உருவகம் பூஜ்யம் என்று அறிவித்தார்கள். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இவர் உண்மையிலேயே துக்கப்பட்டவர்தானா என்று கேட்டார். உடம்பம்மா மேடையேறி, அவையோர் மன்னிக்க வேண்டும் என்றார்.

“மனித அனுபவமே எங்கள் தரவு. ஆனால் இன்று நீங்கள் கேட்டது வெறும் நடந்த விஷயம். இதில் ஆராய ஒன்றும் இல்லை. பேச்சாளரை மாற்றிவிடுகிறோம்.”

கெட்ட செய்தி என்பதால், சுற்றறிக்கையின்படி, அதை அவர் மேடைத் தரையில் உட்கார்ந்துதான் சொன்னார். புடவை மடிப்பு கசங்காமல் உட்கார்ந்தார்.

பணி நீக்கக் கடிதத்தோடு பிரதியையும் சேர்த்துத் தபாலில் அனுப்பச் சொல்லி என்னிடம் உத்தரவு வந்தது. உருவகம் இல்லாததால் அரங்கப் பேச்சில் ஒரு வரிகூட எழுத்துப்படியில் சேரவில்லை. நாடா அன்று மாலையே அழிக்கப்பட்டது. அழித்தவள் நான்தான், ஏனென்றால் அது என் வேலை. பிரதி என்று இருந்தது பழைய மூன்று பக்கம். ‘போயிட்டா’ ஒன்று, ‘வீடு வெறிச்சோடிப் போச்சு’ ஒன்று, ‘நாள் நகர மாட்டேங்குது’ ஒன்று, இப்படி இருபத்தாறு வரி. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண், பக்கத்தில் அம்புக்குறி.

தபாலில் போடாமல் நானே எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். வேலையை விட்டு எடுத்தாயிற்று, விதி ஏழு இனி அவருக்கு இல்லை. ஆனாலும் என்ன வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை. நான்தான் உங்கள் பேச்சை எல்லாம் டைப் அடித்தவள் என்று ஒருவழியாகச் சொன்னேன். என்னை அவர் வெகுநேரம் பார்த்தார்.

“எல்லாத்தையும் கேட்டீங்களாம்மா?”

“எல்லாத்தையும் கேட்டேங்க ஐயா.”

அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். நின்றபடியே மூன்று பக்கத்தையும் படித்தார். திரும்ப முதல் பக்கத்துக்குப் போய்ப் படித்தார். பிறகு மடிக்காமல் என்னிடமே நீட்டினார்.

“இதுல அவளே இல்லையேம்மா.”

பெஞ்சில் இடம் இருந்தது. உட்காருங்கள் ஐயா, முதலிலிருந்து சொல்லுங்கள், ஒரு சொல் விடாமல் எழுதித் தருகிறேன் என்று பேனாவை எடுத்தேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

“இல்லம்மா. மறுபடி சொல்ல என்னால ஆகாது. ஒரு தடவைக்குத்தான் வச்சிருந்தேன்.”

பேருந்து வந்தது, ஏறிக்கொண்டார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் வெளியே பார்க்கவில்லை.

அதனால்தான் அவர் மகளான உனக்கு இதை எழுதுகிறேன், அம்மா. உன் முகம் எனக்குத் தெரியாது. விலாசமும் தெரியாது, உன் அப்பாவின் கோப்பை மறுநாளே கிழித்துவிட்டார்கள். என்னிடம் நாடா இல்லை, காது மட்டும் இருக்கிறது. என்றைக்குத் தோன்றுகிறதோ அன்றைக்குப் படித்துக்கொள். அந்தக் காலை மணி ஏழு, குழாயில் தண்ணீர் வந்தது, டீ, கொலுசு, எல்லாம் மேலே எழுதிவிட்டேன். ஒன்றே ஒன்று பாக்கி. அந்த நாற்பது விநாடிக்கு முன்னால் அவர் சொன்னது. டீயைக் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் போகும்போது, உன் அம்மா சர்க்கரை சரியா இருக்கா என்று கேட்டிருக்கிறார். அன்று அம்மா சர்க்கரை போடவே மறந்திருந்தார். சரியாத்தான் இருக்கு என்று உன் அப்பா சொல்லியிருக்கிறார்.